புற்றுநோய் மருந்தும் அதைக் கையாளும் நெறியும்

கீமோதெரபி என்று ஆஸ்பத்திரிகளில் வழங்கும் சிகிச்சை யுத்தகளத்து விஷமொன்றின் வழித்தோன்றலாகும். முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் ரத்த வெள்ளணுக்களை அழித்த கடுகு வாயுவின் இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் ரசாயனத்தை, 1942-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக வைத்தியர்கள் நிணநீர்ப் புற்று கண்ட ஒருவருக்குச் செலுத்த, அவருடைய கட்டிகள் சில காலம் கரைந்து போயின. அன்று முதல் பெருகிவந்த இவ்வகை மருந்துகள், விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்கும்போது, அவை நோயாளியினுடையவையா, மருந்தைக் கலப்பவருடையவையா என்று பேதம் பாராட்டுவதில்லை.

1979-இல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள், இம்மருந்துகளைக் கையாண்ட தாதியரின் சிறுநீரில் மரபுப் பொருளை மாற்றவல்ல தன்மை காணப்படுவதாக வெளியிட்டபோது, வைத்திய உலகம் விழித்துக்கொண்டது. மருந்தில் கிருமி சேராதிருக்கும் பொருட்டுச் சுத்தமான காற்றை ஊழியரின் முகத்தை நோக்கி வீசிய பழைய பெட்டிகளுக்குப் பதிலாக, மேலிருந்து கீழாகக் காற்று இறங்கி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும் வடிகட்டி வழியே வெளியேறுகின்ற, கண்ணாடித் தடுப்புள்ள பெட்டிகள் வந்தன. மருந்தாளுநர் இரட்டைக் கையுறையும் நீர் ஊடுருவாத அங்கியும் அணிந்து, குப்பிக்குள் அழுத்தம் மிகுந்து கண்ணுக்குப் புலப்படாத துளிகள் சிதறாதபடி, ஊசியை மெல்லச் செலுத்தி மருந்தை எடுக்கிறார்.

அளவோ, நோயாளியின் உயரத்தையும் எடையையும் கொண்டு சதுர மீட்டரில் கணிக்கப்படும் உடற்பரப்பைப் பொறுத்தது. ஒருவர் கணித்ததை மற்றொருவர் தனியே கணித்துப் பார்ப்பது விதி. சில மருந்துகள் ரத்தக்குழாயை விட்டுக் கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடுமாதலால், எரிச்சல் தோன்றிய கணமே சொல்லும்படி நோயாளிக்கு அறிவுறுத்தப்படுகிறது.

நம் முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் ரத்தக்குழாயில் ஏறினால் ஔஷதம். முதுகுத்தண்டு நீரில் ஏறினாலோ அநேகமாக மரணமே. ரத்தப் புற்று கண்ட குழந்தைக்கு முதுகுத்தண்டில் செலுத்தவேண்டிய வேறொரு மருந்தும் இதைப் போலவே சிரிஞ்சில் வந்து சேர்ந்தமையால், எச்சரிக்கைச் சீட்டுகள் ஒட்டியிருந்தும் உயிர்கள் பலியாயின. ஆகவே வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் நிரப்பாமல், சிறு பையில் நீர்க்கச் செய்தே கொடுக்கவேண்டுமென 2007-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது; பை நிறைய உள்ள திரவத்தை முதுகுத்தண்டில் ஏற்ற எவருக்கும் தோன்றாதன்றோ! மனிதனின் ஞாபகத்தை நம்புவதைவிடப் பாத்திரத்தை மாற்றுவதே உத்தமம்.

வீட்டாருக்கும் இதில் கடமையுண்டு. சிகிச்சைக்குப் பின் சுமார் 48 மணி நேரம் வரை நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கக்கூடுமாதலால், அவற்றைக் கையுறையணிந்தே சுத்தம் செய்யுங்கள்; கறைபட்ட துணிகளைத் தனியே துவையுங்கள்; கர்ப்பிணிகளை இவ்வேலைகளில் ஈடுபடுத்தாதீர்கள்.