நான்கு வயதுப் பிள்ளைக்கு உரிமை விளங்குமா?

சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் 1990 செப்டெம்பர் 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. எட்டு வாரங்கள் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணித்தியாலங்களுக்குள் வெளியேற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். வீடு, பாடசாலை, கூட விளையாடிய பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் போயின. இலங்கை அந்தச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது 1991 ஜூலை 12இல். அப்போது அந்தப் பிள்ளைகளில் பலர் புத்தளத்து அகதி முகாம்களில் இருந்தார்கள்.

அன்று நான்கு வயதாயிருந்தவர்கள் இன்று உம்மா, வாப்பாமார். சிலர் சோனகத் தெருவுக்குத் திரும்பி, தம் பிள்ளைகளை முன்பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நாம் உரிமை என்று பேசுவதெல்லாம் காணியும் வீட்டுத்திட்டமும் வாக்காளர் இடாப்பும்தான். அவை நியாயமானவை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் சின்னப் பிள்ளையின் உரிமை அந்தப் பேச்சில் வருவதில்லை. சமவாயத்தில் உள்ளவற்றைப் பெரியவர்களுக்கு மட்டுமன்றிப் பிள்ளைகளுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று அதன் 42ஆம் உறுப்புரையே சொல்கிறது. நாமோ ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு ஒரு பலூனும் இனிப்பும் கொடுத்து முடித்துக்கொள்கிறோம்.

‘உரிமை’ என்ற சொல் நான்கு வயதில் விளங்காது. ‘என்னைக் கேட்காம எடுத்துட்டாங்க’ என்பது நன்றாக விளங்கும். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

புகாரியில் வரும் ஒரு சம்பவம் நமக்குத் தெரிந்ததுதான். நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பானம் கொண்டுவரப்பட்டது. வலப்பக்கம் ஒரு சிறுவர், இடப்பக்கம் முதியவர்கள். முறைப்படி முதலில் வலப்பக்கத்தவருக்கே கொடுக்க வேண்டும். முதியவர்களுக்குக் கொடுக்கலாமா என்று நபியவர்கள் அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தங்களிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை வேறு எவருக்கும் விட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட, பாத்திரம் அவர் கைக்கே போனது. நம் வீட்டில் இது நடந்திருந்தால் ‘பெரியவங்களுக்கு மரியாதை தெரியாத பிள்ளை’ என்று தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வரும் விருந்தாளியிடம் ‘மாமாக்கு ஒரு முத்தம் குடு’ என்று பிள்ளையைத் தள்ளிவிடுகிறோம். பிள்ளை உம்மாவின் பின்னால் ஒளிகிறது. ஸலாம் சொன்னால் போதும் என்று விட்டுவிடலாமே! தன் உடம்பு தன்னுடையது, வேண்டாம் என்று சொல்லலாம் என்பதைப் பிள்ளை அந்த ஒரு நிமிடத்தில் படித்துவிடும். யாராவது ‘உம்மாட்ட சொல்லாத’ என்றால் அதைத்தான் முதலில் உம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதையும் இந்த வயதிலேயே சொல்லிக்கொடுக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி அடி. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. ஆசிரியர் அறைந்து மாணவன் ஒருவரின் செவி பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறுவது என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் நம் குர்ஆன் மத்ரஸாக்கள் சிலவற்றில் பிரம்பு ஓதலோடு சேர்ந்த பொருளாகவே கருதப்படுகிறது. நாமும் ‘தோல் உங்களுக்கு, எலும்பு எங்களுக்கு’ என்று சொல்லி ஒப்படைத்த பரம்பரைதான். பெரியவர்கள் தன் உடம்பை என்னவும் செய்யலாம் என்று பழகிய பிள்ளை, அதைவிடக் கெட்டது நடக்கும்போது வந்து சொல்லாது.

ஊஞ்சலில் தன் முறை வரும் என்று தெரிந்த பிள்ளைக்கு, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரு முறை உண்டு என்பது தானாக விளங்கும். 1990ஐ அந்தப் பிள்ளைக்குச் சொல்லும் வழியும் இதுதான். ‘எங்கட வீட்ட விட்டு எங்கள அனுப்பினாங்க, எங்களக் கேட்கல்ல. யார் செஞ்சாலும் அது பிழை.’ நான்கு வயதுக்கு இவ்வளவும் போதும். ஊர்ப் பெயர்களும் இயக்கப் பெயர்களும் பிள்ளை கேட்கும் வயதில் வரட்டும்.