மோட்டார் உறுமுகிறது, மேடை ஏன் எழவில்லை?

மாணவர்களே, செயல்திட்டக் கண்காட்சிகளில் அடிக்கடி காணும் காட்சி இது. மோட்டாரில் இயங்கும் கத்தரிக்கோல் தூக்கியின் மேடை, பாதி உயரத்தில் இருக்கும்போது எளிதாக மேலேறும். முழுவதும் கீழே இறக்கிவிட்டு மறுபடியும் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் உறுமும், மேடை அசையாது. ‘பெரிய மோட்டார் வாங்குவோம்’ என்பதே பலரின் முதல் முடிவு. காசைச் செலவழிக்கும் முன் கோணத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

விமானத்தின் கதவு வரை உணவு லோரியின் பெட்டியை உயர்த்துவது இதே அமைப்புதான். சம நீளமுள்ள இரண்டு கைகள், பெருக்கல் குறி போல நடுவில் ஓர் ஆணியால் இணைந்திருக்கும். ஒரு கையின் கீழ்முனை அடிப்பலகையில் நிலையாக இருக்கும். மற்றதன் கீழ்முனை சிறு சக்கரத்தில் நகரும். மேடையின் அடியிலும் இப்படியே ஒரு முனை நிலையானது, மற்றது நகர்வது. நிலையான முனைகள் இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் மேடை சாயாமல் நேராக ஏறும். மறுபக்கத்திலும் இதே போல ஒரு சோடி கைகள் வேண்டும்.

மோட்டார் ஒரு திருகுக் கம்பியைச் சுழற்றும். கம்பி, கீழே நகரும் முனையை நிலையான முனையை நோக்கி இழுக்கும். கைகள் நிமிரும், மேடை உயரும்.

எவ்வளவு விசை தேவை? கைகளின் எடையையும் உராய்வையும் விட்டுவிட்டால், பாரத்தைக் கோணத்தின் டான்ஜென்ட் மதிப்பால் வகுக்க வேண்டும். கோணம் என்பது கைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் உள்ளது. கையின் நீளம் 30 செ.மீ., மேடையுடன் சேர்த்துப் பாரம் 2 கிலோ, அதாவது சுமார் 20 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம்.

5 பாகை: உயரம் 2.6 செ.மீ., விசை 229 நியூட்டன்
15 பாகை: உயரம் 7.8 செ.மீ., விசை 75 நியூட்டன்
45 பாகை: உயரம் 21.2 செ.மீ., விசை 20 நியூட்டன்
60 பாகை: உயரம் 26 செ.மீ., விசை 12 நியூட்டன்

ஒரே பாரத்துக்கு ஏன் இத்தனை வேறுபாடு? வேலை என்பது விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. 5 பாகையில் கீழ்முனை 1 மி.மீ. நகர்ந்தால் மேடை 11 மி.மீ.க்கு மேல் எழுகிறது. தூரத்தில் கிடைத்த இந்த லாபத்துக்கு விசையில் விலை கொடுத்தாக வேண்டும். 60 பாகையில் நிலைமை தலைகீழ்: மேடை மெதுவாக ஏறும், மோட்டாருக்குச் சிரமம் குறைவு.

ஆகவே கைகள் 15 பாகைக்குக் கீழே போகாதபடி அடிப்பலகையில் ஒரு மரக்கட்டையைத் தடுப்பாக வையுங்கள். இழப்பது 5.2 செ.மீ. உயரம் மட்டுமே, தேவையான விசையோ மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குக் கைகள் வைத்தால் உயரம் இரட்டிப்பாகும்; விசையும் இரட்டிப்பாகும் என்பதை மறவாதீர்கள்.

திருகுக் கம்பிக்கு 8 மி.மீ. விட்டமுள்ள சாதாரணக் கம்பி போதும். ஒரு சுற்றுக்கு அது 1.25 மி.மீ. இழுக்கும். 15 பாகையிலிருந்து 60 பாகை வரை செல்ல முனை 14 செ.மீ. நகர வேண்டும், அதற்கு 112 சுற்றுகள். நிமிடத்துக்கு 60 சுற்று சுழலும் கியர் மோட்டார் என்றால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இந்தத் திருகின் சரிவு மிகக் குறைவு. அதனால் மின்சாரம் நின்றாலும் பாரம் கம்பியைத் திருப்பிச் சுழற்றாது. மேடை சட்டென விழாது.

இரண்டு எச்சரிக்கைகள். நின்றுபோன மோட்டாரில்தான் மின்னோட்டம் மிக அதிகம். அது சூடேறிக் கருகலாம். உறுமினால் உடனே அணையுங்கள். மேடை இறங்கும்போது கைகளுக்கு இடையே விரல் வைக்காதீர்கள்.

மோட்டார் வாங்கும் முன், ஐஸ்கிரீம் குச்சிகளில் ஒரு மாதிரி செய்து, மேலே அழிப்பான் ஒன்றை வைத்து, கீழ்முனைகளை விரலால் நெருக்கிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் சிரமம் என்பதை விரலே சொல்லிவிடும்.