வலிப்பின்போது நீங்கள் கண்டது என்ன?

வலிப்பு நோய்க்காக எங்கள் நரம்பியல் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் நோயாளியை நோக்கியதன்று. உடன் வந்தவரை நோக்கியது. வலிப்பு வந்தபோது அருகில் இருந்தவர் யார்? நோயாளிக்குப் பல வேளைகளில் அந்நேரத்து நினைவே இருப்பதில்லை. மருத்துவர் முன் அமரும்போதோ அவர் முற்றிலும் இயல்பாக இருப்பார். ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையும் துணைபுரியும். எனினும் இ.இ.ஜி. சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று கூறிவிட இயலாது. ஆகவே கண்ணால் கண்டவரின் சொல்லே எங்களுக்கு முதன்மையான சான்று.

மூளையின் நரம்பணுக்கள் சிறு மின்குறிப்புகளால் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் மின்குறிப்புகளை வெளியிடுவதே வலிப்பு. கடும் காய்ச்சலிலோ, இரத்தச் சர்க்கரை மிகக் குறைந்தபோதோ ஒருமுறை வந்து போவதை வலிப்பு நோய் என்பதில்லை. இத்தகைய உடனடிக் காரணமின்றி மீண்டும் மீண்டும் வரும் இயல்பே நோய்.

உடல் விறைத்து, கீழே விழுந்து, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளும் வலிப்பை எல்லோரும் அறிவர். ‘கால் கை வலிப்பு’ என்பதே பேச்சில் ‘காக்காய் வலிப்பு’ ஆயிற்று என்பர். காக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எவரும் வலிப்பென்று எண்ணாத வகைகளே எங்களுக்குக் கவலை தருபவை. பள்ளிச் சிறுமி சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நிகழாததுபோல் எழுதத் தொடங்குவாள். ஒரு நாளில் பலமுறை இது நிகழும். ஆசிரியர் கவனக்குறைவு என்பார். பெரியவர் ஒருவர் வயிற்றிலிருந்து ஏதோ மேலெழுவதாக உணர்ந்து, பின் வாயை மென்றபடி சட்டையைத் தடவிக்கொண்டிருப்பார். அழைத்தால் மறுமொழி இராது. இவரைப் பேய் பிடித்ததாகக் கூறி மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உண்டு. பதின்பருவ மாணவனுக்கோ காலையில் எழுந்தவுடன் கைகள் வெட்டென உதறும்; காப்பித் தம்ளர் கைதவறி விழும். தேர்வுக்காகக் கண்விழித்த மறுநாள் இது மிகும்.

இவற்றைப் பிரித்தறிவது ஏன் இன்றியமையாதது? மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்கு நன்கு பயன்படும் கார்பமாசெபின், வெறித்துப் பார்க்கும் வகையையும் காலை உதறலையும் மிகுவிக்கக்கூடும். வகை தவறினால் மருந்தே தீங்காகும்.

எனவே ஒருவர் நோயாளியைக் கவனிக்க, மற்றொருவர் கைப்பேசியில் காணொளி எடுப்பது தவறன்று, பேருதவி. தலை எப்பக்கம் திரும்பிற்று, எந்தக் கை முதலில் இழுத்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பவற்றைக் குறித்து வையுங்கள். கையில் சாவியையோ இரும்பையோ கொடுப்பதால் பயன் எதுவுமில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்குகின்றன. புகழ் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது. சாவியைத் தேடும் நேரத்தில் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தலாம். வாயில் கரண்டி, நீர், மாத்திரை எதுவும் கூடாது. கைகாலை அழுத்திப் பிடிக்கவும் வேண்டா. 5 நிமிடங்களைக் கடந்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

நம் நாட்டில் மூளையில் தங்கும் நாடாப்புழுக் கட்டியும் இந்நோய்க்கு ஒரு காரணம். ‘நாங்கள் சைவமாயிற்றே’ என்று வியப்பவர் பலர். புழுவின் முட்டை மனித மலத்தால் மாசுற்ற நீரிலும், கழுவாத காய்கறியிலும் வரும்.

முறையாக மருந்துண்போரில் சுமார் 70 விழுக்காட்டினர் வலிப்பின்றி வாழ இயலும். இரண்டு தக்க மருந்துகள் போதிய அளவில் கொடுத்தும் அடங்காதவர்களுக்கு அறுவைச் சிகிச்சை பொருந்துமா என ஆராய்கிறோம். ஆனால் மாத்திரை வலிப்பைத் தடுத்து நிறுத்துகிறதேயன்றி, நோயை வேரறுப்பதில்லை. ஆறு மாதம் நலமாக இருந்ததும் தாமாகவே நிறுத்திவிட்டு, தொடர் வலிப்புடன் அவசரப் பிரிவுக்கு வருவோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். பொதுவாகக் குறைந்தது 2 ஆண்டுகள் வலிப்பின்றி இருந்த பின்னரே, சிறிது சிறிதாகக் குறைப்பதுபற்றி எண்ணுவோம். காலை உதறல் வகையினருக்கு அது நெடுங்காலம் தேவைப்படும்.

மகளுக்கு வரன் பார்க்கும் பெற்றோர் சிலர், திருமணம் முடியும்வரை மாத்திரையை நிறுத்தலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. கூடாது. திருமண நாளின் உறக்கமின்மையும் அலைச்சலுமே வலிப்பைத் தூண்டப் போதுமானவை. இந்து திருமணச் சட்டத்தில் தடையாக இருந்த ‘வலிப்பு’ என்னும் சொல் 1999ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. மணமகன் வீட்டாரிடம் எடுத்துரைக்கத் தயக்கமிருப்பின் இரு வீட்டாரும் சேர்ந்து வரலாம், நாங்கள் விளக்குகிறோம். வால்புரோயேட் உண்ணும் பெண்கள் கருவுறுவதற்கு முன்னரே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். அம்மருந்து கருவைப் பாதிக்கக்கூடும். எனினும் தாமாக நிறுத்துவது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

அடுத்த முறை வரும்போது மருந்துச்சீட்டுடன், வலிப்பு வந்த நாள்களும் மாத்திரை தவறிய நாள்களும் குறித்த நாட்காட்டியையும் கொண்டு வாருங்கள். இயன்றால், வலிப்பை நேரில் கண்டவரையும் அழைத்து வாருங்கள்.