ஒரு வீடு, நான்கு கணிப்பொறிகள்

சென்ற ஆண்டு மார்ச்சுத் திங்களில் எங்கள் வீட்டில் ஓர் இழவு விழுந்தது. ஆள் எவரும் இறக்கவில்லை; மாண்டது முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயல்.

வளாகத்துக்கு வெளியே தமிழ் மாணவர் நால்வர் ஒரு வாடகை வீட்டில் குடியிருக்கிறோம். மூத்தவரான அண்ணா எழுதுவார். நான் பிழை திருத்துவேன். கோப்பு பென் டிரைவில் ஏறி அறைக்கு அறை பயணம் செய்யும். ஒருநாள் நான் பழைய படியைப் புதியதன்மேல் பதித்துவிட்டேன். பதினொரு நாள் உழைப்புப் போயிற்று. அண்ணா திட்டவில்லை. "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டார். அதற்குத் திட்டே மேல்.

அன்றிரவே முடிவு செய்தோம்: கூடத்தில் கிடக்கும் பழைய கணிப்பொறியில் ஒரே கோப்பு, எல்லாரும் அங்கேயே சென்று திறப்பது. இதற்கு இணையம் வேண்டுமே என்று சிலர் ஐயுறலாம். வேண்டா. வைஃபை தரும் ரௌட்டர் ஒன்றிருந்தால், இணையம் அறுந்த நாளிலும் இது நடக்கும். அந்த ரௌட்டர் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் தருகிறது. 192.168 எனத் தொடங்கும் அவ்வெண்கள் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் கதவிலக்கங்கள். அதே எண் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், குழப்பம் நேராது.

முகவரி இருந்தால் போதுமா? பேச ஒரு மொழி வேண்டுமே! அம்மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர், 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றும் இன்று இதைப் பேசுவதற்கு நம்மைப் போன்ற ஒரு மாணவரும் காரணம். 1991ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் ஆராய்ச்சி மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கம்பியில் ஓடிய செய்திகளை ஒட்டுக் கேட்டே இம்மொழியைக் கற்று, யூனிக்ஸ் கணிப்பொறிக்கும் கற்பித்தார். பின்னர் அதற்குப் பெயர் தேடியபோது, எஸ், எம், பி மூன்றெழுத்தும் வரும் சொற்களை அகராதியில் துழாவிச் 'சாம்பா' என்பதை எடுத்தாராம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. கூடத்து விண்டோஸ் கணிப்பொறியில், 'இது பொது இடமன்று, என் வீட்டு வலை' என்று அறிவித்தோம், பகிர்தலைத் திறந்தோம், ஒரு ஃபோல்டரை மட்டும் பகிர்ந்தோம். அண்ணாவுக்கும் எனக்கும் எழுதும் உரிமை; மற்ற இருவருக்கும் படிக்கும் உரிமை மட்டும். விண்டோஸிலிருந்து இரண்டு பின்சாய்கோடு இட்டு எண்ணை எழுதினால் கதவு தென்படும். மாக்கில் 'கனெக்ட் டு சர்வர்' வழியே செல்லவேண்டும்.

தென்பட்டது; திறக்கவில்லை! ஒன்றரை மணி நேரம் போராடினோம். அந்தக் கணிப்பொறிக்குக் கடவுச்சொல்லே வைக்கவில்லை என்பதுதான் காரணம். கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் வெளியிலிருந்து உள்ளே விடாது. திரையில் அடிக்கும் நான்கு இலக்கப் 'பின்' எண்ணும் இங்கே செல்லாது. மாக் வைத்திருந்த தம்பியோ விருந்தினர் வைஃபையில் இருந்தான். அதிலிருப்பவருக்கு மற்றக் கணிப்பொறிகள் கண்ணில் படாமல் ரௌட்டர் மறைத்துவிடும். கூடத்துக் கணிப்பொறி உறங்கினாலும் கதவு அடைபடும். ஆகவே உறக்கத்தையும் நிறுத்தி வைத்தோம்.

ஓர் எச்சரிக்கை. இணைப்புக் கிடைக்காதபோது, 'எஸ்.எம்.பி. முதற் பதிப்பை இயக்கிப் பார்' என்று யாரேனும் சொல்வர். கேளாதீர்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற தீநிரல் அப்பழைய பதிப்பின் ஓட்டை வழியேதான் உலகெங்கும் கணிப்பொறிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

ஒரே கோப்பென்றால் வட்டுப் பழுதானால் அதுவும் போகுமல்லவா? அதற்காக இரவுதோறும் ஒரு படி, தேதியிட்டு, வேறொரு வட்டில் இறங்குகிறது. பென் டிரைவுக்கு அந்த ஒரு வேலைதான் மிச்சம்.

மூன்றாம் இயலை அண்ணா மீண்டும் எழுதினார். ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பை மற்றவர் திறந்தால், 'இன்னார் பயன்படுத்துகிறார்' என்று வோர்டு சொல்லிவிடும். இரவு இரண்டு மணிக்கு நான் பிழை திருத்தப் போனபோதெல்லாம் அண்ணாவின் பெயரே வந்தது. எழுந்துபோய் இருவருக்கும் தேநீர் போட்டேன்.