பரங்கிக்காய் விளக்கும் மூன்று பாஷைக் குழந்தைகளும்

டில்லி முனிர்காவின் குறுகிய சந்துகளில் ஐப்பசி மாதத்து மாலை வேளையில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வரும் காய்கறிக்காரர், பொன்னிறமாகப் பழுத்த பெரிய பரங்கிக்காயைக் கீறி மேலே வைத்து, ‘சீதாபல், சீதாபல்’ என்று குரல் கொடுக்கும்போது, தமிழ்நாட்டிலிருந்து புதிதாகக் குடிவந்த தாய்மார்கள் சீதாப்பழம் வந்துவிட்டதென்று எண்ணிக் கூடையோடு படியிறங்கி வருவதுண்டு. பாட்டிக்கு அது பரங்கிக்காய். வண்டிக்காரருக்குச் சீதாபல், சில சமயம் கத்தூ. பள்ளிக்கூடத்துப் படப் புத்தகத்தில் பம்ப்கின். முதல் இரண்டு பெயர்களையும் குழந்தை எவரும் கற்பிக்காமலே பிடித்துக்கொள்கிறது. ஏனெனில் பாட்டியிடம் ஒரு பெயரைச் சொன்னால் கூட்டு கிடைக்கிறது, வண்டிக்காரரிடம் மற்றொரு பெயரைச் சொன்னால் கால் கிலோ கிடைக்கிறது. மூன்றாவது பெயரைச் சொல்லி எதையும் கேட்டு வாங்க வேண்டிய சந்தர்ப்பம் குழந்தையின் வாழ்வில் நேர்வதில்லை. படத்தின் கீழே எழுத்துப் பிழையில்லாமல் எழுதியதோடு அந்தச் சொல்லின் வேலை முடிந்துவிடுகிறது.

ஆங்கிலம் பயிலும் நம் குழந்தைகளின் குறை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். முனிர்கா டோக்கஸ் கோத்திரத்து ஜாட் குடியானவர்களின் பழைய கிராமம். தலைநகரம் தெற்கு நோக்கி வளர்ந்தபோது, ஒரு பக்கம் அரசாங்க ஊழியர்களின் ராமகிருஷ்ணபுரமும், மற்றொரு பக்கம் வசந்த விஹாரும், இன்னொரு பக்கம் ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையும் அதைச் சூழ்ந்துகொண்டன. 1973-ஆம் ஆண்டு கும்பாபிஷேகம் கண்ட மலை மந்திர் என்னும் உத்தர சுவாமிமலை முருகன் கோயிலும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்றும் அருகிலேயே இருப்பதனால், இங்குள்ள தமிழ்க் குழந்தைகள் வீட்டில் தமிழும் தெருவில் ஹிந்தியும் சரளமாகப் பேசி வளர்கிறார்கள். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி நல்ல மதிப்பெண் வாங்குகிற அதே குழந்தையிடம் விருந்தாளி ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டாலோ, அது தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு வாய் திறவாமல் நிற்கிறது.

இந்தப் பின்னணியில்தான், அக்டோபர் 31-ஆம் தேதி நெருங்கும்போது நகரத்துப் பள்ளிகள் பலவற்றின் சுவர்களில் தோன்றும் காகித வௌவால்களைப் பற்றியும், ‘ஹாலோவீன்’ என்ற சொல்லைப் பற்றியும், ‘இது நமக்கு எதற்கு?’ என்று பெற்றோர் கேட்கும் கேள்வியைப் பற்றியும் சிந்திக்க வேண்டியிருக்கிறது. கேள்வி நியாயமானதே. கிறிஸ்தவ சம்பிரதாயத்தில் நவம்பர் முதல் தேதி புனிதர் அனைவருக்கும் உரிய நாள். அதற்கு மறுநாள் இறந்தோரின் நினைவு நாள். தமிழ்நாட்டில் அதனைக் கல்லறைத் திருநாள் என்று வழங்கி, கல்லறைகளைச் சுத்தம் செய்து பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து வழிபடும் காட்சியை நாம் அறிவோம். அந்தப் புனிதர் நாளுக்கு முந்திய இரவே ஹாலோவீன். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிக் ஜனங்கள் அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் அந்தச் சந்தியில் ‘சாவின்’ என்றொரு விழாக் கொண்டாடியதும், மாண்டவர்கள் அன்றிரவு உலவுவார்கள் என்று நம்பியதும் அதனோடு கலந்தன. ஸ்காட்லாந்தின் மகாகவி ராபர்ட் பர்ன்ஸ் 1785-இல் எழுதிய நீண்ட கவிதை ஒன்று அந்த இரவில் கிராமத்து இளைஞர்கள் ஆடிய விளையாட்டுக்களையே பொருளாகக் கொண்டது.

அக்காலத்தில் அந்நாட்டார் முகம் செதுக்கி விளக்கேற்றியது பரங்கிக்காயில் அன்று. டர்னிப் என்னும் கிழங்கில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிச் சென்றபோது, அங்கே கிழங்கைவிடப் பெரிதும் குடைவதற்கு எளிதுமான பரங்கிக்காய் அவர்கள் கைக்குக் கிடைத்தது. பரங்கி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஐரோப்பியரைப் பரங்கியர் என்று அழைத்த நம் முன்னோர், அவர்கள் காலத்தில் கடல் கடந்து வந்த காய்க்கும் அந்தப் பெயரையே சூட்டினார்கள். அவ்வாறு வந்த அந்நியக் காயின் பூவை மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டையில் செருகி வைத்ததும், அதன் காயைப் பொங்கலன்று கூட்டாகச் சமைத்ததும் நாமே அல்லவா? அந்நியமானது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தள்ளுவதென்றால், அடுக்களையிலிருந்தே அந்த வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.

ஆயினும் அந்நியம் என்று நாம் எண்ணுவதில் எத்தனை பங்கு உண்மையில் அந்நியம் என்பதையும் பார்க்க வேண்டும். ஹரியானாவிலும் டில்லியைச் சூழ்ந்த கிராமங்களிலும் நவராத்திரி நாட்களில் பெண் குழந்தைகள் சுவரிலே களிமண்ணால் சாஞ்ஜி என்னும் தேவியின் உருவை அமைத்துத் தினமும் பாடி வழிபட்டு, கடைசி நாளன்று துளையிட்ட மண்பானைக்குள் விளக்கேற்றி, அதில் சாஞ்ஜியின் முகத்தை வைத்துக் குளத்துக்கு எடுத்துச் செல்வார்கள். பையன்கள் கழியோடு நின்று அந்தப் பானைகளை உடைக்கப் பார்ப்பார்கள். மதுராவிலும் ஆக்ராவிலும் அதே பருவத்தில் பையன்கள் டேசு என்னும் பொம்மையைத் தூக்கிக்கொண்டும், பெண்கள் ஜாஞ்ஜி என்னும் துளைப்பானை விளக்கை ஏந்திக்கொண்டும் வீடு வீடாகப் பாடிச் சென்று காசும் தானியமும் பெறுவது வழக்கம். துளைகளின் வழியே ஒளி சிந்தும் விளக்கும், வேடிக்கைப் பாட்டோடு வாசலில் வந்து நிற்கும் குழந்தையும் முனிர்காவின் மண்ணுக்குப் புதியவை அல்ல.

தமிழருக்கும் அவ்வாறே. கிருஷ்ணனாகவும் ராதையாகவும் வேஷமிட்ட குழந்தைகள் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகச் சென்று, ‘எங்கள் வீட்டில் கொலு வைத்திருக்கிறோம், அவசியம் வாருங்கள்’ என்று அழைப்பதும், கொலுவுக்கு வந்த குழந்தையை ‘ஒரு பாட்டுப் பாடு கண்ணு’ என்று பாடவைத்த பிறகே சுண்டல் பொட்டலத்தைக் கையில் கொடுப்பதும் நாம் அறிந்தவை. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் தசராவில் பக்தர்கள் காளியாகவும் குறவனாகவும் வேடம் புனைந்து ஊர் ஊராகக் காணிக்கை பெறுவதும், புதுவீட்டு வாசலில் கோரப்பல்லும் உருட்டு விழியும் வரைந்த பூசணிக்காய் திருஷ்டிக்குத் தொங்குவதும் தமிழ்நாட்டுக் காட்சிகளே.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இன்று அமெரிக்கப் படங்களில் நாம் காணும் குழந்தை ‘டிரிக் ஆர் ட்ரீட்’ என்ற மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு மிட்டாயை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. ஸ்காட்லாந்தின் பழைய வழக்கமோ அவ்விதமானதன்று; வேடமிட்டு வந்த குழந்தை ஒரு பாட்டைப் பாடியோ கதையைச் சொல்லியோ தன் சாமர்த்தியத்தைக் காட்டிய பிறகுதான் பழமும் கொட்டைப் பருப்பும் பெற்றது. நம் கொலு வீட்டுச் சம்பிரதாயம் இதற்குச் சொந்தச் சகோதரி. ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பழைய வழக்கத்தையே. மூன்று சொற்களை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனம் இல்லை; கதவைத் திறப்பவர் ‘நீ யார்? எங்கேயிருந்து வருகிறாய்? உனக்குப் பறக்கத் தெரியுமா? என்ன சாப்பிடுவாய்?’ என்று ஆங்கிலத்தில் வினவ, வௌவாலாக வந்த குழந்தை வௌவாலாகவே நின்று பதில் சொல்ல வேண்டும். வேஷத்துக்குள் இருக்கும்போது கூச்சம் பாதி தீர்ந்துவிடுகிறது. பிழை நேர்ந்தாலும் அது வௌவாலின் பிழை.

விளையாட்டினால் பாஷை வருமா என்று ஐயுறுவோருக்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஓர் உதாரணம் உண்டு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு என்னும் அறிஞர், 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய இடங்களின் சில பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாகப் போதிப்பதை விடுத்து, ரயில் அட்டவணையையும் ஊரின் வரைபடத்தையும் கொடுத்து, அவற்றிலிருந்து ஒரு கேள்விக்கு விடை காணும்படி குழந்தைகளை ஆங்கிலத்திலேயே ஈடுபடுத்தினார். பொருளைக் கண்டுபிடிப்பதில் மனம் முழுவதும் ஊன்றியிருக்கும்போது சொல்லின் அமைப்பு தானாகவே உள்ளே படியும் என்பது அவருடைய சித்தாந்தம். அவர் கொடுத்தவை மூளைக்கு வேலை தரும் வகுப்பு அப்பியாசங்களேயன்றி விளையாட்டுக்கள் அல்ல. ஆயினும் அவற்றின் உயிர்நாடி விளையாட்டினுடையதே. ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாது, பேசினால்தான் தெரியும். அதற்கும் முன்பே 1960-களில் ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க மனோதத்துவ அறிஞர், கட்டளையைக் கேட்டு உடம்பை அசைத்தே பாஷை பயிலும் முறையை வகுத்திருந்தார்.

இதை வீட்டுக் கூடத்தில் எவ்வாறு செய்வது? திருஷ்டிப் பூசணியின் முகம் ஒன்றை ஒரு குழந்தையிடம் மட்டும் காட்டி, மற்றொரு குழந்தையின் கையில் வெற்றுக் காகிதத்தைக் கொடுங்கள். பார்த்த குழந்தை, மூன்று கண்கள், இரண்டு கொம்புகள், வாய்க்குக் கீழே நீண்ட நாக்கு என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, பார்க்காத குழந்தை அதை வரைய வேண்டும். முடிவில் இரு படங்களையும் பக்கத்தில் வைத்தால், கண் ஒன்றா மூன்றா என்பதில் ஒருமை பன்மையும், கொம்பு தலையின் மேலா காதின் பக்கத்திலா என்பதில் இடம் சுட்டும் சொற்களும் எங்கே தவறின என்பதைக் குழந்தைகளே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். ஆசிரியர் சிவப்பு மையால் செய்யும் வேலையை அந்தப் படம் செய்துவிடுகிறது.

துணியால் மூடிய பாத்திரத்துக்குள் கையை விட்டுத் தடவிப் பார்க்கும் விளையாட்டும் அந்த இரவுக்கே உரியது. மேலைநாட்டில் தோலுரித்த திராட்சையைப் பூதத்தின் விழி என்று சொல்லி வைப்பார்கள். நம் வீட்டில் வேகவைத்த சேமியாவும் ஊறிய ஜவ்வரிசியும் போதும். கண்ணைக் கட்டிக்கொண்ட குழந்தை, குளிர்ந்திருக்கிறது, வழவழக்கிறது, சின்னச் சின்னதாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லி, பிறகு இன்னதென்று ஊகிக்க வேண்டும். அட்டை ஒன்றில் ஆந்தை, எலும்புக்கூடு, பூச்சாண்டி என்று எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, ‘எனக்கு இறக்கை உண்டா? நான் மரத்தில் வசிக்கிறேனா?’ என்று கேட்டுக்கேட்டுத் தன்னைத் தானே கண்டுபிடிக்கும் விளையாட்டில் வினா வாக்கியம் ஐம்பது தடவை வந்தாலும் சலிப்பதில்லை.

சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு நான் சிபாரிசு செய்வது வேதாளத்தை. முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கி, விக்கிரமாதித்தனின் தோளில் ஏறிக்கொண்டு கதை சொல்லும் அந்த வேதாளம், ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு கேள்வியைப் போட்டு நிறுத்துகிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்று பயமுறுத்துகிறது. மொழி ஆசிரியர்கள் அத்தனை பேரும் கூடி யோசித்தாலும் இதைவிடச் சிறந்த உபாயம் கிடைப்பது அரிது. விளக்கைத் தணித்துவிட்டு ஒருவர் எளிய ஆங்கிலத்தில் கதையைச் சொல்ல, ‘இவர்களில் உரியவன் யார்? ஏன்?’ என்ற கேள்விக்குக் குழந்தைகள் தர்க்கம் செய்யத் தொடங்கினால், இறந்த காலமும் காரணச் சொற்களும் கொட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. ‘விட்ச்’ என்ற சொல் மேலைநாட்டுப் படத்தில் கூம்புத் தொப்பியும் துடைப்பமும் உடைய வேடிக்கைப் பாத்திரம். நம் தேசத்திலோ ‘டாயன்’ என்று பழி சுமத்தி உயிருள்ள பெண்களை அடித்து விரட்டுவதும் கொல்வதும் நடந்து வந்திருக்கின்றன. அதைத் தடுக்கவே பிஹார் 1999-லும் ஜார்க்கண்ட் 2001-லும் தனிச் சட்டங்கள் இயற்றின. டில்லி வீடுகளில் வேலை செய்யும் பெண்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் பலர். அவர்களுடைய குழந்தை அதே வகுப்பில், அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும். கிழவி ஒருத்தியை அவலட்சணமாக வரைந்து அதைக் கண்டு சிரிக்கப் பழக்குவது எனக்குச் சற்றும் சம்மதமில்லை. ஆந்தையும் வௌவாலும் வேதாளமும் நிறையவே இருக்கின்றன. ஐந்து வயதுக்குட்பட்ட சிசுக்களை இருட்டில் அலற வைப்பதும் தகாது. ‘எனக்குப் பயமாக இருக்கிறது, நிறுத்துங்கள்’ என்பதே அன்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் ஆங்கில வாக்கியம். வேஷத்துணி எளிதில் தீப்பற்றுமாதலால், காய்க்குள் திரிவிளக்குக்குப் பதில் பாட்டரி விளக்கை வைப்பது உத்தமம்.

கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் முகமூடிகள் ஒன்றும் தேவையில்லை. மிட்டாயும் மிதமாக இருக்கட்டும்.

இனி, மூன்றாவது பெயருக்கு உண்மையான ஒரு செவியைத் தேடித் தரவேண்டும். அந்தப் பாக்கியம் முனிர்காவுக்கு இயல்பாகவே உண்டு. இங்குள்ள பழைய வீடுகளின் மாடி அறைகளில் மணிப்பூரிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் மிஜோரமிலிருந்தும் படிக்க வந்த இளைஞர்களும் யுவதிகளும் குடியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது; நம் பாட்டிக்கு அவர்கள் பாஷை தெரியாது; அவர்களில் பலருக்கு ஹிந்தியைவிட ஆங்கிலமே சுலபம். விளக்குக்காகக் குடைந்தெடுத்த பரங்கிச் சதையைப் பாட்டி பாலும் வெல்லமும் சேர்த்துப் பால்கூட்டாகச் செய்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ‘மாடி அக்காவிடம் கொடுத்துவிட்டு வா’ என்று அனுப்பட்டும். காகிதச் சிறகோடு படியேறும் குழந்தை கதவைத் தட்டும், கதவு திறக்கும், கிண்ணத்தை வாங்கி முகர்ந்து பார்க்கும் அந்த அக்கா, ‘இது என்ன? எப்படிச் செய்தீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்பாள். பம்ப்கின் என்ற சொல் அன்றைக்குத்தான் முதன்முறையாக ஒருவர் தெரிந்துகொள்ள விரும்பியதற்கு விடையாகக் குழந்தையின் வாயிலிருந்து வரும்.