வீட்டில் படித்த பிள்ளை சொந்தக் காலில் நிற்க



இயற்கை விவசாயத்துக்கு வந்தவர்களில் சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். எங்க கரிக்கலாம்பாக்கம், பாகூர், வில்லியனூர் பக்கமும் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு நாற்றங்கால் விடத் தெரியும், மாடு சினைக்கு வந்தால் தெரியும், நாலு பேர்கிட்ட தைரியமாகப் பேசவும் தெரியும். சிக்கல் 18 வயசுல வருது. பட்டா அப்பா பேரில், பால் பணம் அம்மா கணக்கில், அரிசி வாங்குறவங்க நம்பர் அப்பா போனில். வருஷம் முழுக்க உழைத்த பிள்ளையின் பேரில் எழுத்தில் ஒன்றுமே இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று வங்கி கேட்காது. யார், என்ன வருமானம், அதுக்கு என்ன ஆதாரம் என்றுதான் கேட்கும். பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கல்யாணம் ஆகிப் போகும்போது பத்து வருஷ உழைப்பு அப்பா கணக்கிலேயே நின்றுவிடும்.

சான்றிதழ்

புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கல்வி மையம் 1943-இல் பள்ளியாகத் தொடங்கியது. இன்று வரை அங்கே பட்டமோ டிப்ளமோவோ கொடுப்பதில்லை. படிப்பு வேறு, சான்றிதழ் வேறு என்பதற்கு நம்ம ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஆனால் வெளியுலகம் கதவருகே காகிதம் கேட்கும். மும்பையில் வீட்டில் படித்த மாளவிகா ராஜ் ஜோஷி, சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கம் வாங்கியவர். 12-ஆம் வகுப்பு இல்லாததால் ஐஐடியில் சேர முடியவில்லை. 2016-இல் அமெரிக்காவின் எம்ஐடி எடுத்துக்கொண்டது. பதக்கம் இல்லாத பிள்ளைக்கு அந்த இரண்டாவது கதவு எளிதில் திறக்காது.

அதற்கு வழி, தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயசு ஆனால் 10-ஆம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம், தமிழிலேயே எழுதலாம். ஐந்து பாடம் தேறினால் போதும். வருஷத்துக்கு இரண்டு முறை தேர்வு. பதிவு ஐந்து வருஷம் செல்லும், ஒவ்வொரு பாடமாகவும் முடிக்கலாம். 10-க்கும் 12-க்கும் இடையே இரண்டு வருஷ இடைவெளி கேட்பார்கள். அதனால் 18 வரை காத்திருந்தால் 20 தாண்டிவிடும். மேற்படிப்பு வேண்டாம் என்கிற பிள்ளைக்கும் 10-ஆம் வகுப்புச் சான்று வயதுக்கு ஆதாரமாகப் பயன்படும்.

கணக்கு

10 வயசு தாண்டிய பிள்ளை தானே கையெழுத்திட்டு சேமிப்புக் கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி 2014-லேயே அனுமதி கொடுத்தது. 15 வயசில் ஆதாரில் கைரேகையைப் புதுப்பித்துவிடுங்கள். 18 ஆனதும் வங்கிக்குப் போய்ப் புதுக் கையெழுத்தும் அடையாள ஆவணங்களும் கொடுக்க வேண்டும். பான் அட்டையும் எடுத்துவிடலாம். சொந்த செல்போன் எண்ணைக் கணக்கோடு சேர்ப்பது முக்கியம். ஓடிபி அப்பா போனுக்கு வருகிற வரை அது பிள்ளையின் கணக்கு ஆகாது.

கூலியும் குழியும்

வீட்டு வேலைக்குக் கூலியா என்று கேட்பீர்கள். மாசம் 12 நாள் வயல் வேலை, நாளுக்கு 500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 6,000 ஆகிறது. சாப்பாட்டுக்கு 2,000 பிடித்துக்கொள்ளுங்கள், பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். மீதி 4,000 மாசாமாசம் அவன் கணக்குக்குப் போனால் வருஷத்துக்கு 48,000. பணம் குடும்பத்தை விட்டு எங்கேயும் போகவில்லை. ஆனால் பாஸ்புக்கில் ஒரு வருஷ வரவு நிற்கும். வங்கி அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது, இருபது குழி நிலத்தைத் தனியாகப் பிரித்துக் குத்தகைக்கு எழுதிக் கொடுங்கள். என்ன பயிர், யாருக்கு விற்பது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். கத்தரி சொத்தையானால் நஷ்டமும் அவளுடையதே. நாம் போய் ஈடுகட்டினால் பாடம் போச்சு.

கடன்

சொந்தப் பட்டா இல்லாவிட்டாலும் கிசான் கடன் அட்டை வாங்க விதி இடம் தருகிறது. குத்தகைதாரர், வாரத்துக்குப் பயிர் செய்பவர், வாய்மொழிக் குத்தகைக்காரர் எல்லாரும் தகுதி உள்ளவர்களே. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது. நடைமுறையில் எழுத்துக் குத்தகை இருந்தால் வேலை சுலபம். தனியாகக் கிடைக்காவிட்டால் 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைக்கலாம். ஒரே குடும்பத்திலிருந்து இரண்டு பேர் கூடாது. பிள்ளை வெளியாட்களோடு சேர்ந்தாக வேண்டும், அது நல்லதும்கூட. கோழி, தேனீ, அரிசியை மதிப்புக்கூட்டி விற்பது போன்றவற்றுக்கு முத்ரா திட்டத்தில் சிசு பிரிவு இருக்கிறது. 50,000 வரை, பிணை இல்லாமல்.

முதல் கடன் சின்னதாக இருக்கட்டும், தவணை தப்பக் கூடாது. அப்பா ஜாமீன் போடாமல் வாங்கிக் கட்டிய 20,000, பின்னாடி வரும் 2 லட்சத்துக்கு வழி திறக்கும்.

வெளியே போய் வரட்டும்

வீட்டில் படித்த பிள்ளைக்குக் குறைவது வேறு ஆட்களின் கீழ் வேலை செய்த பழக்கம். குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி உண்டு. 18 வயசு ஆனவர்களுக்கு ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கட்டணம் கிடையாது. நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூரில் உருவாக்கிய வானகத்திலும் தங்கிப் படிக்கலாம். ஆறு மாசம் வேறொரு பண்ணையில் சம்பளத்துக்கு இருந்து வந்தால் இன்னும் நல்லது.

திரும்பி வருவானா என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. வேறு வழியில்லாமல் வீட்டில் தங்கிய பிள்ளை, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வரும் நாளில் தவித்துப் போகும். போகவும் முடியும், இருக்கவும் முடியும் என்ற நிலையில் நம் வயலைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளைதான் அடுத்த தலைமுறை உழவர். வீட்டில் 14 தாண்டிய பிள்ளை இருந்தால், இந்த மாசமே வங்கிக்குக் கூட்டிப் போங்கள். விண்ணப்பத்தை அவர்களே எழுதட்டும்.