முதலெழுத்து ஒருமையும் பொருள் ஒருமையும்: ஆங்கிலச் சொற்கள் சில

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இயற்கையானதா, வழக்கினால் அமைந்ததா என்னும் வினா மிகப் பழமையானது. கிரேக்க அறிஞர் பிளேட்டோ ‘கிராத்திலசு’ என்னும் உரையாடலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். தொல்காப்பியர், சொற்கள் யாவும் பொருள் குறித்து நிற்பன என்று பெயரியலிற் கூறியவர். அவை அப்பொருளை உணர்த்துதற்குரிய காரணம் வெளிப்படத் தோன்றாது என்று உரியியலில் வரையறுத்தார். சசூரின் விரிவுரைகள் 1916-இல் நூலாக வெளிவந்தபின், சொல்லும் பொருளும் இடுகுறியாக இணைந்தவை என்னும் கொள்கை மொழியியலுக்கு அடிப்படையாயிற்று.

ஆயினும், ஒரே எழுத்துத் தொடரை முதலாகக் கொண்ட சொற்கள் பல ஒரே பொருட்சாயலுடன் வழங்குதலை ஆங்கிலத்திற் காண்கிறோம். இவ்வொருமை எவ்வாறு தோன்றியது? இதனை மூன்று சொற்கூட்டங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மெய் தனித்து மொழிக்கு முதலாகாமை தமிழ் மரபாயினும், ஆங்கில ஒலியைக் காட்டுதற்பொருட்டு ஈண்டு அவ்வாறு எழுதப்படுகின்றது.

1. எழுத்தில் மட்டும் எஞ்சிய ஒருமை

ஆக்சுபோர்டிற் கணிதப் பேராசிரியராக விளங்கிய ஜான் வாலிசு, 1653-இல் ஆங்கில மொழிக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். ‘டபிள்யூ, ஆர்’ என்னும் இரண்டெழுத்தும் முதலில் நிற்கும் சொற்கள் கோணுதல், முறுக்குதல் என்னும் பொருளைத் தருவன என்று அவர் சுட்டினார். பிழிதலைக் குறிக்கும் ‘ரிங்’, மற்போர் புரிதலைக் குறிக்கும் ‘ரெஸில்’, மணிக்கட்டைக் குறிக்கும் ‘ரிஸ்ட்’, மலர்வளையத்தைக் குறிக்கும் ‘ரீத்’, சுருக்கத்தைக் குறிக்கும் ‘ரிங்கிள்’ ஆகியவை இவ்வினத்தன. தவறு என்னும் பொருளுடைய ‘ராங்’ என்பதும் முதலிற் கோணலையே குறித்தது.

இச்சொற்களின் முதலெழுத்து பிற்காலத்து ஒலிப்பில் மறைந்தது. எழுத்தில் மட்டும் நிலைபெற்றது. ஆதலின், மோதிரத்தைக் குறிக்கும் ‘ரிங்’ என்பதும் பிழிதலைக் குறிக்கும் ‘ரிங்’ என்பதும் இன்று செவிக்கு ஒன்றே. ஆனால் மோதிரச்சொல் பழைய ஆங்கிலத்தில் ‘ஹ்ரிங்’ என்று வழங்கியது. அதன் பிறப்பு வேறு. எழுதுதலைக் குறிக்கும் ‘ரைட்’ என்னும் சொல்லும் அவ்விரண்டெழுத்துகளையே முதலாகக் கொண்டதாயினும், கீறுதல் என்பதே அதன் பழம்பொருள்; முறுக்குதலோடு அதற்கு இயைபில்லை. இக்கூட்டத்திற் பெரும்பாலானவற்றின் ஒருமைக்குக் காரணம் திருகுதல், வளைதல் என்னும் பொருளுடைய பழைய வேர் எனலாம். ஒருமை மரபுரிமையாக வந்ததேயன்றி, எழுத்தின் ஆற்றலால் வந்ததன்று.

2. ஈர்ப்பினால் வளர்ந்த ஒருமை

‘ஜி, எல்’ என்னும் எழுத்துகளை முதலாக உடையவை ஒளிச்சொற்கள். ‘க்ளோ’, ‘க்ளீம்’, ‘க்ளிஸன்’, ‘க்ளாஸ்’ என்பன பழைய ஆங்கிலத்திலிருந்தே வருவன. ‘க்ளிட்டர்’ வடபுலத்து நார்சு மொழியிலிருந்து வந்தது. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘க்ளாட்’ என்னும் சொல்லுக்கும் முற்காலத்தில் ஒளிர்தல் என்னும் பொருள் இருந்தது. இவையெல்லாம் செருமானிய இனமொழிகளுக்குப் பொதுவான செல்வம்.

ஆனால் ‘க்ளான்ஸ்’ என்னும் சொல்லின் வரலாறு வேறு. அது வழுக்கிச் செல்லுதலைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு தொடர்புடையது. பட்டுச் சறுக்குதல் என்னும் பொருளில் வழங்கிய அச்சொல், பின்னர்ப் பளிச்சிடுதலையும் விரைந்து நோக்குதலையும் உணர்த்தலாயிற்று. பிறந்த குடி வேறாயினும், புகுந்த குடியின் சாயலை அது பெற்றது. இதனை ஈர்ப்பு என்று கூறுதல் பொருந்தும்.

கையுறையைக் குறிக்கும் ‘க்ளவ்’, பசையைக் குறிக்கும் ‘க்ளூ’ முதலியவற்றில் ஒளியின் சாயல் சிறிதும் இல்லை. இருளைக் குறிக்கும் ‘க்ளூம்’ என்பதோ முற்றிலும் முரணானது. எழுத்துக்கே ஒளிப்பொருள் உண்டென்பார் இதற்கு விடை கூறுதல் அரிது.

3. உருவையே மாற்றிய ஒருமை

‘எஸ், என்’ என்னும் எழுத்துகள் மூக்கோடு தொடர்புடைய சொற்களில் மிகுதியாகப் பயில்கின்றன. விலங்கின் நீண்ட மூக்கைக் குறிக்கும் ‘ஸ்னௌட்’, முகர்தலைக் குறிக்கும் ‘ஸ்னிஃப்’, குறட்டையைக் குறிக்கும் ‘ஸ்னோர்’ என்பன சான்று.

தும்முதலைக் குறிக்கும் ‘ஸ்னீஸ்’ இவற்றுள் நுணுகி நோக்கத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் அதன் முதல் ‘எஃப், என்’ என்பதாகும். அவ்வொலித்தொடர் வழக்கு வீழ்ந்தபோது, ‘எஃப்’ நின்ற இடத்தில் ‘எஸ்’ புகுந்தது. ஏடுகளில் அக்காலத்து நெடிய ‘எஸ்’ வரிவடிவம் ‘எஃப்’ போலவே தோன்றியமையின், எழுத்து மயக்கம் இதற்குக் காரணமாகலாம் என்பர். மூக்குச்சொற்களின் ஈர்ப்பும் துணைசெய்தது என்று கொள்ளுதல் தகும். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் நமக்கு இத்தகைய மயக்கம் புதியதன்று. பனியைக் குறிக்கும் ‘ஸ்னோ’, பாம்பைக் குறிக்கும் ‘ஸ்நேக்’ ஆகியன அவ்வெழுத்துகளையே உடையனவாயினும் மூக்கோடு தொடர்பற்றவை.

4. அறிஞர் கொள்கை

இத்தகைய ஒலித்தொடர்க்கு ‘ஃபோனஸ்தீம்’ என்று 1930-இற் பெயரிட்டவர் ஜே. ஆர். ஃபர்த். இதனை ஒலிச்சாயற்கூறு என்னலாம். இலாகூரிற் பஞ்சாபுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த இவர், ஆர்டனின் தமிழ் இலக்கண நூலுக்குத் தமிழ் ஒலிப்புப் பற்றிய பிற்சேர்க்கை எழுதியவரும் ஆவர். ஒலிக்கு இயல்பாகவே பொருளுண்டு என்பது அவர் கருத்தன்று. ஒத்த சொற்கள் ஒருங்கு பயிலும் பழக்கத்தால் அவ்வுணர்வு பிறக்கின்றது என்பதே அவர் கொண்டது.

2004-இற் பெஞ்சமின் பெர்கன் வெளியிட்ட ஆய்வு இதற்கு அரண்செய்கின்றது. முதலொலியும் பொருளும் ஒருங்கே ஒத்த இரு சொற்களை அடுத்தடுத்துக் காட்டியபோது, ஆங்கிலம் பேசுவோர் இரண்டாவது சொல்லை விரைந்து அறிந்தனர். ஒலி மட்டுமோ பொருள் மட்டுமோ ஒத்த சொற்களில் அவ்வளவு விரைவு காணப்படவில்லை. ஆகவே, இக்கூட்டங்கள் அறிஞர் கற்பனையல்ல. பேசுவோர் உள்ளத்தில் உறைவன.

5. நாம் கொள்ளத்தக்கது

மேற்கூறியவற்றால் எழுத்தொருமைக்கு மூன்று காரணங்கள் பெறப்படும். வேர் ஒன்றாதல், ஈர்ப்பு, தற்செயல் என்பனவே அவை. இவற்றைப் பகுத்தறியாது, முதலெழுத்து ஒத்தன யாவும் ஒரு வேரின என்று துணிதல் தமிழாய்விலும் அவ்வப்போது காணப்படுகின்றது. சுழல், சுழி, சுருள், சுற்று என்பவற்றை நோக்குவார்க்குச் சுகர உகரமே வட்டத்தைக் குறிப்பதாகத் தோன்றும். சுமை, சுவை, சுடர் என்பவற்றை உடன்வைத்து எண்ணினால் அத்துணிபு தளரும். சார்பான சொற்களை மட்டும் தொகுத்து, மாறானவற்றை விடுத்தல் ஆராய்ச்சியாகாது.

எனவே, வேர் காண முயலும் மாணவர், ஒத்த சொற்களைத் தொகுப்பதோடு அமையாது, ஒவ்வாதவற்றையும் தொகுத்தல் வேண்டும். இனமொழிகளின் வடிவங்களையும், கல்வெட்டிலும் இலக்கியத்திலும் சொல் முதன்முதல் வந்த இடத்தையும் நோக்குதல் வேண்டும். காரணம் வெளிப்படத் தோன்றாது என்று தொல்காப்பியர் கூறியது, காரணமே இல்லை என்பதன்று. முதல்நோக்கிற் கண்டதையே காரணமெனக் கொள்ளற்க என்னும் எச்சரிக்கையாகவும் அதனை நாம் கொள்ளலாம்.